ஞாயித்துக்கிழமை மூளை – 14: பூனைக்குப் பால், தங்கச்சிக்கு மாத்திரை

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. மூளையைப் பத்தி முதுகலை படிச்சுக்கிட்டிருக்கற மாணவன், அவ்வளவுதான். இதைப் படிச்சிட்டு யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்தவும் வேணாம், ஆரம்பிக்கவும் வேணாம்.

தூக்கத்தைப் பத்தின ரெண்டாம் பாகம் இந்த வாரம் வரும்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த ஞாயித்துக்கிழமை. மன்னிச்சுக்குங்க மக்களே. காரணம், செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்த ஒரு போன்.

எங்க சித்திக்கு நேர வித்தியாசம் எல்லாம் ஒரு பொருட்டே கிடையாது. திருச்சியில அவங்க காலையில ஆறு மணிக்கு காபி குடிச்சு முடிச்சிட்டா, ஜெர்மனியிலயும் எல்லாரும் காபி குடிச்சு முடிச்சிருக்கணும்.

"தம்பி, தூங்கிட்டியாடா?"

"இல்ல சித்தி, சொல்லுங்க." (முழுப் பொய்.)

"நீ மூளைக்குத்தானே படிக்கிற? இங்க ஒரு சென்டர் திறந்திருக்காங்கடா. தலையில ஒயர் மாட்டி, கம்ப்யூட்டர்ல கேம் மாதிரி ஏதோ காட்டி, மூளைக்குப் பயிற்சி குடுப்பாங்களாம். நாப்பது தடவை போனா போதுமாம். அப்புறம் வலிப்புக்கு மாத்திரையே வேணாமாம். அறுபதாயிரம் கேக்குறாங்க. ஜெர்மனியில கண்டுபிடிச்சதுன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான். நீ அங்கதானே இருக்க, நெசமா பொய்யா சொல்லு."

தூக்கம் போயிடுச்சு. ஏன்னா அந்த நோட்டீஸ்ல பாதி நிஜம். மீதிப் பாதிதான் என்னை உட்கார வெச்சிடுச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். சித்தி பொண்ணு, என் தங்கச்சி, பத்தாவது படிக்கும்போது ஸ்கூல் பிரேயர்ல நின்னுக்கிட்டிருந்தவ அப்படியே விழுந்தா. கை கால் வெட்டி இழுத்துச்சு. யாரோ ஓடி வந்து கையில சாவிக்கொத்தைத் திணிச்சாங்க. ஒரு டீச்சர் பல்லுக்கு நடுவுல ஸ்பூனை விடப் பார்த்தாங்க. ஊர்ல அதுக்குப் பேரு காக்கா வலிப்பு. கால்-கை வலிப்புங்கறதுதான் பேச்சு வழக்குல அப்படி மருவிடுச்சும்பாங்க. பேருல காக்கா வந்ததால அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துல பட்ட பாடு தனிக் கதை.

இப்ப அவளுக்கு 23 வயசு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை. கடைசியா வலிப்பு வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுல வரன் பார்க்க ஆரம்பிச்சிருக்காங்க. இது தெரிஞ்சாத்தான் சித்தியோட கேள்வி புரியும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

சித்தி சொன்ன பயிற்சிக்குப் பேரு நியூரோஃபீட்பேக். மண்டையில மின்முனைகளை ஒட்டி மூளையோட மின் அலைகளைப் படிக்கறது இ.இ.ஜி. இது ஜெர்மனிச் சரக்குதான். யேனாங்கற ஊர்ல ஹான்ஸ் பெர்கர்ங்கற மனநல மருத்துவர் 1924ல மனுஷனோட மூளை அலையை முதல் தடவையாப் பதிவு பண்ணி, 1929ல வெளியிட்டார். நியூரோஃபீட்பேக்ல அந்த அலையை உடனுக்குடனே உங்களுக்கே திருப்பிக் காட்டுவாங்க. நமக்கு வேண்டிய அலை கூடினா திரையில பந்து மேல ஏறும், இல்லன்னா ஏறாது. எப்படி ஏத்தறதுன்னு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. சைக்கிள் ஓட்டக் கத்துக்கற மாதிரி விழுந்து எந்திரிச்சு நீங்களே பிடிச்சுக்கணும்.

ஆனா இதை வலிப்போட சேர்த்த கதை ஜெர்மனியில தொடங்கலை. லாஸ் ஏஞ்சலஸ்ல, பூனைகள்கிட்ட தொடங்குச்சு.

1960கள்ல பாரி ஸ்டெர்மன்ங்கற ஆய்வாளர் தூக்கத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தார். ஒரு சத்தம் கேக்கும், அது நிக்கிற வரைக்கும் பூனை அசையாம காத்திருக்கணும், அப்புறம் நெம்புகோலை அமுக்கினா சாப்பாடு. நம்ம வீட்டுல மீன் கழுவும்போது பக்கத்துல பூனை உட்கார்ந்திருக்குமே, அந்த போஸ்தான். உடம்பு கல்லு மாதிரி, கவனம் மட்டும் முழுசா மீன் மேல. அந்த நேரத்துல பூனையோட மூளையில, உடம்பு அசைவைப் பார்த்துக்கற பகுதிக்கு மேல, நொடிக்குப் பன்னெண்டுல இருந்து பதினஞ்சு தடவை அடிக்கற ஒரு தாளம் தெரிஞ்சுது. சென்சரிமோட்டார் ரிதம்னு பேரு வெச்சாங்க. அடுத்து, அந்தத் தாளம் வர்ற ஒவ்வொரு தடவையும் பூனைக்குப் பால் குடுத்துப் பார்த்தாங்க. பூனைங்க வேணுங்கறப்ப அந்தத் தாளத்தைக் கொண்டு வரக் கத்துக்கிச்சுங்க. விர்விக்காவும் ஸ்டெர்மனும் இதை 1968ல வெளியிட்டாங்க.

இதுவரைக்கும் வலிப்பே கதையில இல்ல. அது வந்தது ராக்கெட் வழியா. மோனோமெத்தில்ஹைட்ரசின்னு ஒரு ராக்கெட் எரிபொருள். அந்த நச்சு உடம்புக்குள்ள போனா வலிப்பு வரும். மூளையை அமைதிப்படுத்தற காபாங்கற ரசாயனத்தைத் தயாரிக்க பி6 வைட்டமின் வேணும். இந்த நச்சு அந்த வைட்டமினை வேலை செய்ய விடாது. எவ்வளவு உள்ள போனா ஆபத்துன்னு அமெரிக்க விமானப்படைக்குத் தெரியணும். அதைக் கண்டுபிடிக்கற வேலை ஸ்டெர்மன்கிட்ட வந்துச்சு. பூனைகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். (பாவம்தான். நானும் படிக்கும்போது நெளிஞ்சேன்.) வாந்தி, ஜொள்ளு, மூச்சு வாங்கறது, அப்புறம் வலிப்பு. ஆனா ஒரு கூட்டத்துக்கு மட்டும் வலிப்பு ரொம்பத் தாமதமா வந்துச்சு, சிலதுக்கு வரவே இல்ல. நோட்டைப் புரட்டிப் பார்த்தா, அதெல்லாம் முன்னாடி பாலுக்காக அந்தத் தாளத்தைப் பழகின பூனைங்க.

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்: பூனைக்கு நோட்டீஸ் படிக்கத் தெரியாது. "இது உனக்கு நல்லது"ன்னு யாரும் அதுகிட்ட சொல்லலை. நம்பிக்கையால குணமாச்சுன்னு சொல்லி இதைத் தள்ளிவிட முடியாது.

அடுத்தது மனுஷங்க. 1972ல ஸ்டெர்மனும் ஃப்ரையரும், வலிப்பு இருந்த 23 வயசுப் பெண் ஒருத்தருக்கு இதே தாளத்தைப் பழக்கி, வலிப்பு குறைஞ்சுதுன்னு எழுதினாங்க. சரியான தாளம் வந்தா விளக்கு எரியும், அவ்வளவுதான் கருவி. (23. என் தங்கச்சி வயசு. அந்தக் கட்டுரையை நான் மூணு தடவை படிச்சதுக்கு வேற காரணம் கிடையாது.)

இப்ப ஜெர்மனி. நான் குப்பை கொட்டற டியூபிங்கன்லதான் அந்தப் பாகம் நடந்துச்சு. நெக்கார் ஆத்துல படகு விட்டுக்கிட்டு, ஊரெல்லாம் மாணவர்களா இருக்கற சின்ன ஊரு. இங்க இருந்தவங்க வேற அலையை எடுத்துக்கிட்டாங்க. மூளையோட மேற்பரப்புல மின்னழுத்தம் சில நொடிகளுக்கு மெதுவா ஒரு பக்கம் சாயும். எதிர்மறைப் பக்கம் சாய்ஞ்சா நரம்பணுக்கள் சட்டுன்னு கிளம்பத் தயாரா இருக்குன்னு அர்த்தம். நேர்மறைப் பக்கம் சாய்ஞ்சா அடங்கியிருக்குன்னு அர்த்தம். அந்த நேர்மறைச் சாய்வைத் தானா கொண்டு வர நோயாளிகளுக்குப் பழக்கினாங்க. 1993ல ராக்ஸ்ட்ரோ குழு வெளியிட்ட ஆய்வுல 25 பேர், ஆளுக்கு 28 அமர்வு. ஒரு வருஷமாவது தொடர்ந்து கவனிக்க முடிஞ்ச 18 பேர்ல 6 பேருக்கு வலிப்பே வரலை. சிலருக்கு எந்த மாற்றமும் இல்ல.

2001ல கோச்சுபெய் குழு இன்னும் ஒழுங்கா ஒண்ணு பண்ணாங்க. 34 பேருக்கு மூளைப் பயிற்சி, 11 பேருக்கு மூச்சுப் பயிற்சி, 7 பேருக்குப் புது மருந்து. மூளைப் பயிற்சிக் குழுவுக்கும் மருந்துக் குழுவுக்கும் வலிப்பு குறைஞ்சுது. மூச்சுப் பயிற்சிக் குழுவுக்குக் குறையலை. அவங்களும் அதே மாதிரி வந்து, உட்கார்ந்து, கவனிக்கப்பட்டவங்கதான். அதனால சும்மா வந்துட்டுப் போனதால மட்டும் குறைஞ்சுதுன்னு சொல்லிட முடியாது.

"அப்ப நிஜம்தானேடா, அறுபதாயிரத்தைக் கட்டிடலாமே"ன்னு நீங்களும் கேப்பீங்க. இங்கதான் நான் பொட்டியைத் திறந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்தேன்.

முதல் சங்கடம், ஆள் கணக்கு. 2009ல டான் குழு, வலிப்புக்கான நியூரோஃபீட்பேக் ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாங்க. தேறினது 10 ஆய்வு. மொத்தம் 87 பேர். அதுல 64 பேருக்கு வலிப்பு குறைஞ்சிருக்கு, அதாவது 74 சதவீதம். நல்ல கணக்குதான். ஆனா 87 பேருங்க! சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து சாயங்காலம் கிளம்பற ஒரே ஒரு டவுன் பஸ்ல அத்தனை பேரையும் ஏத்திடலாம். கிட்டத்தட்ட நாப்பது வருஷ ஆராய்ச்சிக்கு இதுதான் கூட்டம்.

ரெண்டாவது, சும்மா மாத்திரைக் கணக்கு. புது வலிப்பு மருந்துகளைச் சோதிக்கும்போது பாதிப்பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை குடுப்பாங்க. அந்தப் போலி மாத்திரைக்கே பத்துல ஒருத்தர் ரெண்டு பேருக்கு வலிப்பு பாதியாக் குறையறது உண்டு. ஏன்னா மோசமான காலத்துலதான் ஆளுங்க ஆராய்ச்சிக்கு வருவாங்க, அதுக்கப்புறம் தானாவே கொஞ்சம் தணியும். கூடவே தினமும் குறிப்பெழுதறது, நேரத்துக்குத் தூங்கறது எல்லாம் சேரும். அதனால போலிப் பயிற்சி குடுத்து ஒப்பிட்டாத்தான் உண்மை தெரியும். கவனக் குறைபாடு இருக்கற குழந்தைகளுக்கு அப்படி ஒண்ணு செஞ்சு 2021ல வெளியிட்டாங்க. 144 குழந்தைகள். நிஜப் பயிற்சி எடுத்தவங்களும் தேறினாங்க, போலிப் பயிற்சி எடுத்தவங்களும் அதே அளவு தேறினாங்க. அது வேற நோய், வேற அலை. ஆனாலும் படிச்சதும் வயித்துல புளியைக் கரைச்சுது.

மூணாவது, என் சொந்த அனுபவம். போன செமஸ்டர்ல ஒரு செய்முறை வகுப்புல என் தலையிலயே தொப்பியை மாட்டி, முடியெல்லாம் பசையை அப்பி, அந்தத் தாளத்தை ஏத்துடான்னாங்க. பதினஞ்சு நிமிஷம் பந்து நகரலை. பால் இருந்திருந்தா ஒருவேளை நகர்ந்திருக்கும் :-) திடீர்னு ஜிவ்வுன்னு ஏறுச்சு. ஆஹா, நம்ம மூளையும் வேலை செய்யுதேன்னு நெஞ்சை நிமிர்த்தினா, பக்கத்துல இருந்த ஜெர்மன் பொண்ணு சிரிக்குது. நான் பல்லைக் கடிச்சிருக்கேன். மூளை அலைங்கறது மைக்ரோவோல்ட் கணக்கு, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டா ஒரு கூறு. தாடை இறுகினாலோ கண்ணைச் சிமிட்டினாலோ வர்ற சிக்னல் அதைவிடப் பல மடங்கு பெருசு. அதைச் சரியா வடிகட்டத் தெரியாத இடத்துல அறுபதாயிரம் குடுத்தா, அங்க பயிற்சி எடுக்கறது மூளை இல்ல, தாடை.

ஆனா இந்த மூணையும் விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. விடிகாலை நாலு மணிக்குத்தான் அது எனக்கே உறைச்சுது.

இந்த ஆய்வுகள்ல உட்கார்ந்தவங்க யாரு? பெரும்பாலும் மருந்து கேக்காதவங்க. வலிப்பு இருக்கறவங்கள்ல சுமார் மூணுல ஒரு பங்கு பேருக்கு, மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தாலும் வலிப்பு அடங்காது. அவங்களுக்காக நடந்த ஆராய்ச்சி இது. அவங்களும் பொதுவா மாத்திரையை நிறுத்திட்டு இதைப் பண்ணலை, மாத்திரை போட்டுக்கிட்டே கூடுதலாப் பண்ணாங்க. ஆக, "மாத்திரையே வேணாம்"ங்கற வரி பூனைகிட்டயும் இல்ல, டியூபிங்கன்லயும் இல்ல. அது நோட்டீஸ் அடிச்சவர் சொந்தமாப் போட்ட மசாலா.

என் தங்கச்சி அந்த மூணுல ஒரு பங்குல இல்லவே இல்ல. மாத்திரை அவளுக்கு அழகா வேலை செய்யுது. ரெண்டு வருஷமா வலிப்பே இல்ல. அப்ப எதைக் குணப்படுத்த இந்த அறுபதாயிரம்?

காலையில அவளுக்கே போன் போட்டேன். ஆய்வு, புள்ளிவிவரம், பூனை எல்லாம் சொல்லி முடிச்சேன். பொறுமையாக் கேட்டா.

"அண்ணா, எனக்கு வலிப்பு பிரச்னை இல்ல. மாத்திரை டப்பாதான் பிரச்னை. போற வீட்டுல அதை எங்க வெக்கறது?"

அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நாலு நாளா ராத்திரி மாத்திரை போடலைண்ணா. இல்லாம இருக்க முடியுதான்னு பார்த்தேன்."

மக்களே, எனக்கு உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. வலிப்பு மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா, அடங்கியிருந்தது மொத்தமாத் திரும்பி வரலாம். நிக்காம அடுத்தடுத்து வர்ற வலிப்பும் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. போனை வெச்சதும் டாக்டருக்குப் பேசச் சொன்னேன். பேசினா. அவர் சொன்னபடி அன்னிக்கே மறுபடி ஆரம்பிச்சா. ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா இந்தப் பதிவு இருந்திருக்காது.

மாத்திரையை விடவே முடியாதான்னா, அப்படியும் இல்ல. ரெண்டு வருஷமாவது வலிப்பு இல்லாம இருந்தா டாக்டரோட பேசி, மாசக்கணக்குல மெல்ல மெல்லக் குறைச்சுப் பார்க்கற வழி இருக்கு. பிரிட்டன்ல இதை 1013 பேர்கிட்ட சோதிச்சு 1991ல வெளியிட்டாங்க. மாத்திரையைத் தொடர்ந்தவங்கள்ல 78 சதவீதம் பேர் அடுத்த ரெண்டு வருஷம் வலிப்பில்லாம இருந்தாங்க. மெதுவா நிறுத்தினவங்கள்ல 59 சதவீதம். ரெண்டுலயும் லாபம் இருக்கு, ரெண்டுலயும் பயம் இருக்கு. எதை எடுக்கறதுங்கறது அவளும் டாக்டரும் உட்கார்ந்து பேச வேண்டியது. கல்யாணம் நெருங்கற பொண்ணுங்க பேச வேண்டியது இன்னொண்ணும் உண்டு. சோடியம் வால்ப்ரோயேட் மாதிரி சில மருந்துகள் கருவுல இருக்கற குழந்தையைப் பாதிக்கும். கர்ப்பத்துக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட பேசி வேற மருந்துக்கு மாறிக்கலாம். டப்பாவை ஒளிச்சு வெச்சா இந்தப் பேச்சு எதுவுமே நடக்காது.

சித்திகிட்ட இதை எல்லாம் சொன்னப்ப, "நாங்க என்ன அவளுக்குக் கெட்டதா நினைச்சோம்?"னு அழுதுட்டாங்க. கெட்டது நினைக்கலை. திரும்பத் திரும்ப வலிப்பு வர்றது கல்யாணத்துக்குத் தடைன்னு இந்து திருமணச் சட்டத்துலயே இருந்துச்சு. 1999ல அதை நீக்கினாங்க. சட்டம் எடுத்துட்டுச்சு, சொந்தக்காரங்க வாய்ல இருந்து இன்னும் எடுக்கலை. அந்த வாய்க்குப் பயந்துதான் சித்தி அறுபதாயிரத்தை எடுத்து வெச்சிருக்காங்க.

எனக்கு இந்த ஆராய்ச்சி மேல நம்பிக்கை போயிடலை. மருந்து கேக்காத மூணுல ஒரு பங்கு பேருக்காக, நல்ல போலிப் பயிற்சி ஒப்பீட்டோட, நிறைய ஆளுங்களை வெச்சு இதை ஒழுங்காச் செய்யணும்னு ஆசைப்படறேன். முடிஞ்சா அதுல நானும் ஒரு ஓரமா ஆணி புடுங்கணும். பூனைங்க காட்டின வழி பொய்யில்ல. வழி பாதியில நிக்குது, அவ்வளவுதான். பாதி வழியைக் கடைசி ஸ்டாப்னு சொல்லி டிக்கெட் கிழிக்கறவங்க மேலதான் கோவம்.

வெள்ளிக்கிழமை சித்தியும் அவளும் டாக்டரைப் பார்த்துட்டு வந்தாங்க. இப்போதைக்கு மாத்திரை தொடருது. சென்டருக்குப் பணம் கட்டலை. அடுத்த ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வர்றாங்களாம். அவங்க உட்கார்ந்து காபி குடிச்சதும் தானே சொல்லிடறேன்னு தங்கச்சி சொல்லியிருக்கா. சித்திக்கு அதுல இஷ்டமில்ல. என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு ராத்திரி ஒன்றரை மணிக்குப் போன் வந்தா உண்மையிலேயே முழிச்சிருப்பேன்.

பி.கு: யாருக்காவது கண்ணெதிர்ல வலிப்பு வந்தா, சாவி வேணாம், இரும்பு வேணாம், வாய்க்குள்ள எதையும் விட வேணாம், கை காலை அமுக்கிப் பிடிக்க வேணாம். பக்கத்துல இடிக்கற சாமானை நகர்த்துங்க, தலைக்கு அடியில துணியை மடிச்சு வைங்க. இழுப்பு நின்னதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, நம்ம ஊர்ல 108. நினைவு வந்ததும் அவங்க முதல்ல பார்க்கறது சுத்தி நிக்கற முகங்களைத்தான். அதனால கூட்டத்தைக் கலைச்சுவிட்டுட்டு ஒருத்தர் மட்டும் பக்கத்துல உட்காருங்க.